கெண்ட்ரிக் லமாரும் ‘நான்’ என்னும் சொல்லும்

1943ஆம் ஆண்டு தொட்டு அமெரிக்காவில் சங்கீதத்துக்கென வழங்கப்பட்டு வரும் புலிட்சர் பரிசு, முக்கால் நூற்றாண்டுக் காலம் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தையும், பிற்காலத்தில் ஜாஸ் இசையையும் தவிர வேறெந்த வகையையும் நாடாதிருந்து, 2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காம்ப்டன் நகரத்து ராப் பாடகர் ஒருவரின் ‘டேம்’ என்னும் ஆல்பத்தைத் தேடிச் சென்றது. கெண்ட்ரிக் லமார் டக்வர்த் என்னும் அந்தக் கலைஞருக்கு அப்போது வயது முப்பது. அந்தப் பரிசைக் காட்டிலும் ஆராயத்தக்க விஷயம் ஒன்று அவரிடத்தில் உண்டு. ராப் என்பது இளமையின் கலை. பதினாறு வயதில் தொடங்கி, இருபத்தைந்தில் உச்சம் எய்தி, முப்பதுக்குள் சொன்னதையே சொல்லித் தேய்ந்துபோனவர்கள் அதன் சரித்திரத்தில் ஏராளம். அப்படிப்பட்ட கலையில் ஒருவர் ஆல்பத்துக்கு ஆல்பம் முதிர்ந்துகொண்டே போவது எவ்வாறு நிகழ்ந்தது? சொற்களை அதிவேகமாக அடுக்கும் அவருடைய சாமர்த்தியத்தைக் காரணமாகச் சொல்வாரும் உண்டு. விஷயத்தின் கனத்தைச் சொல்வாரும் உண்டு. வாய்த்த இசையமைப்பாளர்களின் மேதையைச் சொல்வாரும் உண்டு. இவை யாவும் ஓரளவு உண்மையே. ஆயினும் அவருடைய பாட்டுகளைக் காலவரிசைப்படி திரும்பத் திரும்பக் கேட்டதில், அந்த வளர்ச்சியின் ரகசியம் முழுவதும் ‘நான்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ராப் பாட்டில் அந்தச் சொல்லுக்கு உள்ள ஸ்தானத்தை முதலில் அறிந்துகொள்வது நலம். 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், டிஜே கூல் ஹெர்க் என்பவர் இசைத்தட்டுகளைச் சுழற்றி நடத்திய வீட்டு விருந்தை ஹிப்-ஹாப்பின் ஜனனமாகக் கொள்வது வழக்கம். தாளத்தின் மேல் பேசிக் கூட்டத்தை உற்சாகப்படுத்த வந்தவன் தன் பெயரைச் சொன்னான். தன் பெருமையைச் சொன்னான். எதிரே நிற்பவனைக் காட்டிலும் தானே வல்லவன் என்று நாட்டினான். 1988ஆம் ஆண்டில் காம்ப்டனிலிருந்து கிளம்பிய என்.டபிள்யூ.ஏ. குழுவினர் அந்தத் தற்பெருமையோடு தெருவின் பயங்கரத்தையும் சேர்த்தார்கள். அதன்பின், பாடுகிறவன் தான் வாழ்ந்ததையே பாட வேண்டும், இல்லாவிட்டால் அவன் பொய்யன் என்பது எழுதாத சட்டமாயிற்று. எழுதியவனும் பாடுகிறவனும் பாட்டினுள் பேசுகிறவனும் ஒருவனே என்ற இந்த நம்பிக்கைதான் ராப்பின் பலம். அதன் விலங்கும் அதுவே.

இந்தச் சூழ்நிலையில்தான், 1987ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் தேதி, சிகாகோவை விட்டுப் பிழைக்க வந்த தம்பதியின் முதற் குழந்தையாகக் காம்ப்டனில் பிறந்தார் லமார். ‘டெம்ப்டேஷன்ஸ்’ குழுவின் பாடகர் எடி கெண்ட்ரிக்ஸின் நினைவாக அன்னை இட்ட பெயர் அவருடையது. சிறு வயதில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பின்னாளில் மூச்சு விடாமல் சொற்களைப் பொழியப்போகிறவரின் நாக்கு அன்று ஒரு வாக்கியத்தை முடிக்கவே திணறிற்று. எட்டு வயதில், தந்தையின் தோள்மீது அமர்ந்து, டூபாக் ஷகூரும் டாக்டர் டிரேயும் தம் ஊர்ச் சந்தையருகே பாட்டுக்குப் படம் பிடிப்பதைக் கண்டார். பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் கவிதை எழுதப் பழக்கினார். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தெருவில் நன்றாகப் படிக்கிற பிள்ளையாக அவர் வளர்ந்தார். கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டே கூட்டத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைப் பிராயத்து நிலை அவருடைய கலைக்கு ஊற்றாயிற்று.

பதினாறாம் வயதில், 2003ஆம் ஆண்டு, ‘கே-டாட்’ என்ற பெயரில் அவர் வெளியிட்ட முதல் மிக்ஸ்டேப்பில் இந்தக் கவனிப்பு சிறிதும் இல்லை. பிறருடைய தாளங்களின் மேல், பிறருடைய நடையில், ஜே-ஸீயையும் லில் வேய்னையும் உள்ளத்தே வைத்துக்கொண்டு ஒரு சிறுவன் தன் வல்லமையைப் பறைசாற்றுகிறான், அவ்வளவே. அந்தத் திறமையைக் கேட்டு அந்தோணி டிஃபித் என்பவர் தம்முடைய ‘டாப் டாக் எண்டர்டெயின்மெண்ட்’ நிறுவனத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார். ஜே ராக், ஆப்-ஸோல், ஸ்கூல்பாய் கியூ ஆகியோருடன் ஒரே கூடத்தில் எழுதியும் அழித்தும் கழிந்த ஆண்டுகள் அவை. 2009ஆம் ஆண்டில் ‘கே-டாட்’ என்ற புனைபெயரைக் கழற்றி எறிந்து, பெற்றோர் இட்ட பெயரையே ஏற்றுக்கொண்டார். ராப் உலகில் சொந்தப் பெயரை விட்டுப் புனைபெயரை அணிபவரே பெரும்பான்மை. இவரோ எதிர்த்திசையில் நடந்தார். அவருடைய கலை வாழ்க்கையின் முதல் திருப்பம் அந்தப் பெயர் மாற்றமே என்பது என் துணிபு.

2011ஆம் ஆண்டு ஜூலையில் வந்த ‘செக்ஷன்.80’ அந்தத் திருப்பத்தின் பலன். ஏழைகளுக்கு வாடகை உதவி தரும் அரசாங்கத் திட்டத்தின் பெயரையும், கிராக் என்னும் போதைப்பொருள் கறுப்பினத்தார் குடியிருப்புகளைச் சூறையாடிய எண்பதுகளையும் பிணைத்த தலைப்பு அது. ‘ரிகமார்டிஸ்’ என்ற பாட்டில் டிரம்பெட்டின் ஒலியோடு போட்டியிட்டுப் பாயும் வேகத்தைக் கண்டு வியந்தவர்கள் பலர். ஆனால் அந்த ஆல்பத்தின் ஜீவன் வேறோர் இடத்தில் இருக்கிறது. தெருவில் உடலை விற்றுப் பிழைத்து, கடைசியில் கொலையுண்டு போன கீஷா என்னும் இளம்பெண்ணின் கதையைச் சொல்லி, முடிவில், இதை எழுதிய நாளிலேயே பதினொரு வயதுத் தங்கையை எதிரே உட்காரவைத்துக் கேட்கச் செய்ததாகக் கவிஞர் கூறுகிறார். கதை நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது, உருக்கமாகவும் சொல்லப்பட்டது. செத்தவளின் வாழ்க்கையை எடுத்துப் பிறருக்குப் பாடமாக்குவதற்கு யார் அனுமதி தந்தார்கள் என்ற கேள்வி மாத்திரம் அங்கே எழவில்லை.

அது அடுத்த ஆண்டிலேயே எழுந்தது. டாக்டர் டிரேயின் ‘ஆஃப்டர்மாத்’ நிறுவனத்தின் ஆதரவில் 2012ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘குட் கிட், மேட் சிட்டி’ என்னும் ஆல்பத்தின் அட்டையில் ‘கெண்ட்ரிக் லமாரின் குறும்படம்’ என்று எழுதியிருந்தது; அந்த வர்ணனை பொருத்தமானதே. அன்னையின் வேனை எடுத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பார்க்கக் கிளம்பும் பதினேழு வயதுப் பையன், நண்பர்களோடு திருட்டுக்குப் போய், அடிபட்டு, பழிவாங்கச் சென்ற இடத்தில் நண்பனின் தம்பியைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, ஒரு மூதாட்டியின் பிரார்த்தனையால் திரும்பி வருகிற கதை காலம் முன்பின்னாகக் குலைத்துச் சொல்லப்படுகிறது. வேனை எப்போது கொண்டுவந்து விடுவாய் என்று கேட்கும் தாயின் குரலும், தம் டாமினோ கட்டைகளைத் தேடும் தந்தையின் குரலும் தொலைபேசியில் பதிவாகி இடையிடையே ஒலிக்கும்போது, குற்றமும் ரத்தமும் நிறைந்த கதைக்குள் ஒரு வீட்டின் வெளிச்சம் வந்து விழுகிறது.

அந்த ஆல்பத்தின் நடுநாயகமான பாட்டு பன்னிரண்டு நிமிஷம் நீள்கிறது. ‘சிங் அபௌட் மீ, ஐம் டையிங் ஆஃப் தர்ஸ்ட்’ என்பது அதன் பெயர். முதற்பகுதியில் ‘நான்’ என்று பேசுபவன், தம்பியை இழந்த அந்த நண்பன். உன் ஆல்பம் வெளிவருவதற்குள் நான் இறந்துபோனால் என்று அவன் தொடங்குகிற வாக்கியம் முடிவதற்குள் துப்பாக்கி வெடிக்கிறது. அவன் குரல் அறுந்து போகிறது. இரண்டாம் பகுதியில் ‘நான்’ என்பவள் கீஷாவின் தங்கை. என் அக்காளின் கதையை நீ எப்படி எடுத்துப் பாடலாம் என்று சீறுகிறாள் அவள். என்னைப் பாட்டில் கொண்டுவராதே என்கிறாள். தான் ஒருநாளும் மறைந்துபோகமாட்டேன் என்று அவள் வீறாப்பாகச் சொல்லச் சொல்ல, ஒலிப்பதிவில் அவள் குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கிவிடுகிறது. மூன்றாம் பகுதியில்தான் கவிஞர் தம் சொந்தக் குரலில் பதில் சொல்ல வருகிறார். அகப்பாட்டுகளைத் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று வகுத்துப் படித்துப் பழகிய நமக்குப் பிறர் வாயாகப் பேசும் உத்தி புதிதாகத் தோன்றாது. ராப்பிலும் அதை லமார் கண்டுபிடிக்கவில்லை. எமினெம் 2000ஆம் ஆண்டிலேயே ‘ஸ்டான்’ பாட்டில் வெறிகொண்ட ரசிகனின் குரலில் கடிதம் வரைந்திருக்கிறார். லமாரின் பாட்டில் புதிது எதுவென்றால், கவிஞரால் பாடப்பட்டவர்களே எழுந்து வந்து கவிஞரை விசாரிப்பதுதான். தம் பழைய ஆல்பத்தைத் தம் புதிய ஆல்பத்தில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார் அவர். சாட்சி சொல்கிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்ற உணர்ச்சி அங்கே பிறந்தது. பிற்காலத்து ஆல்பங்கள் அனைத்தும் அந்த ஒரு பாட்டின் கிளைகளாகவே எனக்குப் படுகின்றன.

2013ஆம் ஆண்டில் பிக் ஷானின் ‘கண்ட்ரோல்’ பாட்டில் சமகாலத்துப் பாடகர்களைப் பெயர் சொல்லி அறைகூவியதையும், மறு ஆண்டு கிராமி விழாவில் ஏழு பிரிவுகளில் முன்மொழியப்பட்டும் ஒன்றுகூடப் பெறாமல் திரும்பியதையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்ட தென்னாப்பிரிக்கப் பயணம்தான் முக்கியமானது. ராபன் தீவில் மண்டேலா அடைபட்டிருந்த சிறைக்கூடத்தைக் கண்டு திரும்பியவர், அதுவரை செய்து வைத்திருந்த பாட்டுகளில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டார்.

2015ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ முதல் முறை கேட்கையில் எளிதாகக் கைக்குள் வராத ஆல்பம். காமசி வாஷிங்டனின் சாக்ஸஃபோன், தண்டர்கேட்டின் பாஸ் கிதார், ராபர்ட் கிளாஸ்பரின் பியானோ, ஜார்ஜ் கிளின்டனின் ஃபங்க் என்று கறுப்பினத்தாரின் அரை நூற்றாண்டுச் சங்கீதம் முழுவதையும் ஒரே கூடத்தில் கூட்டிவைத்தது போன்ற நெருக்கம் அதில் இருக்கிறது. ‘யூ’ என்ற பாட்டில் ஓட்டல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, குடித்து, குரல் உடைந்து, தன்னைத்தானே தூற்றுகிறான் ஒருவன்; ஊரில் நண்பன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது நீ எங்கே இருந்தாய் என்று தன்னையே கேட்டு அழுகிறான். ‘ஐ’ என்ற இன்னொரு பாட்டில் தன்னை நேசிப்பதைக் கொண்டாடுகிறான். அந்தக் கொண்டாட்டமும் கூட்டத்தில் எழும் சண்டையால் நடுவில் நின்றுபோகிறது. நீ, நான் என்ற இரண்டு சிறு சொற்களை இரண்டு பாட்டுகளுக்குப் பெயராக இட்ட கவிஞர், அந்த இரண்டும் ஒருவரே என்று காட்டிவிடுகிறார்.

இதற்கிடையில் அந்த ‘நான்’ அவர் கையை விட்டும் போயிற்று. ‘ஆல்ரைட்’ என்ற பாட்டின் பல்லவியை, கறுப்பினத்தார் மீது போலீசார் நிகழ்த்திய கொலைகளை எதிர்த்து 2015ஆம் ஆண்டுக் கோடையில் கிளீவ்லாந்திலும் பின்னர் வேறு நகரங்களிலும் கிளர்ந்தவர்கள் கோஷமாக்கிக்கொண்டார்கள். தனி மனிதனின் ஆறுதல் ஓர் இனத்தின் குரலாயிற்று. அதே காலத்தில், பெர்குசன் நகரத்தில் நிகழ்ந்த அத்தகைய கொலை ஒன்றைப் பற்றிய பேட்டியொன்றில், முதலில் நம்மை நாமே மதிக்க வேண்டாமா என்ற கருத்துப்படப் பேசியதற்காக அவரைத் தம்மவர்களே கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். கொல்லப்பட்டவர் பக்கத்தில் நின்று முதலில் பேசவேண்டிய நேரம் அது. ஆனால் அவருடைய பேட்டியில் உபதேசமாகக் கசந்த அதே எண்ணம், ‘த பிளாக்கர் த பெர்ரி’ என்ற பாட்டில், ரௌத்திரத்தின் உச்சியில் நின்று பேசுகிறவன் கடைசி அடியில் தன் கைக் கறையைத் தானே காட்டிக்கொள்ளும்போது உபதேசமாக இல்லாமல் வேதனையாக மாறிவிடுகிறது.

ஆல்பம் முழுவதும் ஓரிரு வரியாகச் சேர்ந்து வளர்ந்த கவிதை ஒன்று, இறுதிப் பாட்டின் முடிவில் யாருக்கோ வாசித்துக் காட்டப்படுவது தெரியவருகிறது. அந்த யாரோ, 1996ஆம் ஆண்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட டூபாக். 1994ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வானொலிக்கு அவர் அளித்த பேட்டியின் துண்டுகளை எடுத்துத் தம் கேள்விகளோடு இணைத்து, உயிரோடிருப்பவனும் இறந்தவனும் சம்பாஷிப்பதாக அமைத்திருக்கிறார் லமார். கடைசியில் புழுவும் பட்டாம்பூச்சியும் பற்றிய உருவகத்தைப் படித்துக் காட்டி, இதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார், பதில் இல்லை. தந்தையின் தோள்மேலிருந்து பார்த்த அந்த மனிதனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அதற்கும் பதில் இல்லை. ஆல்பம் அந்த மௌனத்தில் நின்றுவிடுகிறது.

இத்தனை அடர்த்திக்குப் பின் 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த ‘டேம்’ எளிமையின் பக்கம் திரும்பிற்று: குறைந்த வாத்தியங்கள், ஒற்றைச் சொல் தலைப்புகள், வானொலிக்கு ஏற்ற ‘ஹம்பிள்’. பலர் இதை இறக்கமாகக் கருதினார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ‘ஃபியர்’ என்ற பாட்டில், ஏழு வயதில் தாயின் அடிக்கும், பதினேழு வயதில் எந்தக் காரணத்தாலும் வரக்கூடிய சாவுக்கும், இருபத்தேழு வயதில் பெற்ற புகழை இழந்துவிடுவதற்கும் அஞ்சிய மூவரை வரிசையாகப் பேசவிடுகிறார். மூவரும் ஒருவரே, ஆனாலும் மூவர். கடைசிப் பாட்டான ‘டக்வர்த்’தில் நடந்த கதை ஒன்று வருகிறது. வறுத்த கோழி விற்கும் கடையில் வேலை பார்த்த ஒருவர், அந்தக் கடையைக் கொள்ளையிட எண்ணியிருந்த ஓர் இளைஞனுக்கு இலவசமாகக் கோழியும் இரண்டு பிஸ்கட்டும் கூடுதலாகக் கொடுத்து வந்தார். அந்தத் தயவால் உயிர் தப்பினார். கடைக்காரர் லமாரின் தந்தை. இளைஞன் பின்னாளில் அவரைப் பாடகராக்கிய அந்தோணி டிஃபித். அன்று துப்பாக்கி வெடித்திருந்தால் இந்தப் பாட்டே இல்லை என்று உணர்த்தியதும், ஒலிநாடா பின்னோக்கிச் சுழன்று ஆல்பத்தின் முதல் வாக்கியத்தில் போய் நிற்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் பாட்டுகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்கி இன்னொரு பதிப்பும் வந்தது.

பின்னர் ஐந்தாண்டுகள் சொந்த ஆல்பம் எதுவும் இல்லை. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘மிஸ்டர் மொரால் அண்ட் த பிக் ஸ்டெப்பர்ஸ்’ வந்தபோது, அட்டையில் முட்கிரீடம் அணிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பில் துப்பாக்கியோடு நின்றார். மனோவைத்தியரிடம் தன்னை ஒப்புக்கொடுத்தவனின் வாக்குமூலம் அந்த ஆல்பம். ‘சேவியர்’ என்ற பாட்டில், என்னை ரட்சகனாக எண்ணாதீர்கள் என்று விலகுகிறார். ‘மதர் ஐ சோபர்’ என்ற பாட்டில், பெத் கிப்பன்ஸின் மெல்லிய குரல் பின்னே ஒலிக்க, ஐந்து வயதில் தாய் அடிபடுவதைக் கேட்டு நின்றதையும், உறவினன் உன்னைத் தீண்டினானா என்று குடும்பத்தார் கேட்டதையும், இல்லை என்ற உண்மையை அவர்கள் நம்பாததையும், அந்த அவநம்பிக்கையின் பின்னே தாய்க்கு நேர்ந்த கொடுமை ஒளிந்திருந்ததையும், தம் மனைவியாகப்போகும் பெண்ணுக்குத் தாம் செய்த துரோகத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். நான் கேட்ட ராப் பாட்டுகளில் இதைவிடத் துணிவானது இல்லை.

குறைகளும் அந்த ஆல்பத்தில்தான் அதிகம். உடலால் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் உறவினரைப் பற்றிய ‘ஆண்டி டைரீஸ்’ அன்போடு எழுதப்பட்டது. இருந்தும், சிறுவயதில் தாம் வழங்கிய இழிசொல்லை அப்படியே திரும்பத் திரும்பச் சொல்லி, யாரைக் காக்க எழுதினாரோ அவர்களையே புண்படுத்தினார். பெண்ணொருத்தியைத் தாக்கிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பாடகர் ஒருவருக்கு, வன்முறைக்கு ஆளான பெண்களின் துயரத்தைப் பேசும் அதே ஆல்பத்தில் இடம் கொடுத்தார். குற்றவாளிக்கும் ஒரு பிராயம், ஒரு காயம் உண்டு என்று காட்ட விரும்பினார் போலும். கீஷாவின் தங்கை எழுந்து வந்து கேட்டது போல, அந்தப் பெண்ணும் எழுந்து வந்து கேட்பதற்கு அங்கே ஒரு பகுதி ஒதுக்கப்படவில்லை, அது பெருங்குறை.

2024ஆம் ஆண்டில், கனடா நாட்டுப் பாடகர் டிரேக்குடன் மூண்ட வசைப்போர், பதினாறு வயது ‘கே-டாட்’டை மீண்டும் அழைத்து வந்தது. மே 4ஆம் தேதி வெளியான ‘நாட் லைக் அஸ்’ உலகெங்கும் ஆடப்பட்டது. மறு ஆண்டு ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றது. தாளம் தொற்றிக்கொள்வது உண்மை. அதை மறுத்தல் தகாது. ஆயினும் நிரூபிக்கப்படாத கொடிய குற்றச்சாட்டுகளை ஆனந்தக் கும்மியாக்கி ஆயிரக்கணக்கானோர் பாடியது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. தம்மையே விசாரித்துக்கொண்ட கவிஞர் அங்கே தம்மை விசாரிக்க மறந்தார். ஆனால் 2024 ஜூன் 19ஆம் தேதி இங்கிள்வுட் அரங்கில், ஒருவரையொருவர் வேட்டையாடிய தெருக்களைச் சேர்ந்தவர்களை ஒரே மேடையில் தோளோடு தோள் நிற்கவைத்ததையும் சொல்லித்தான் தீரவேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் முன்னறிவிப்பின்றி வந்த ‘ஜி.என்.எக்ஸ்.’, அவர் பிறந்த 1987ஆம் ஆண்டில் மட்டும் தயாரான ப்யூக் கார் ஒன்றின் பெயரைத் தாங்கியது. அறியப்படாத உள்ளூர்ப் பாடகர்கள் பலருக்கு அதில் இடம் கிடைத்தது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூப்பர் பவுல் இடைவேளையில் தனிப்பெரும் ராப் பாடகராக அவர் நின்றபோது, சிவப்பும் வெள்ளையும் நீலமும் அணிந்த கறுப்பின நடனக்காரர்கள் அமெரிக்கக் கொடியாக நின்று பிளந்ததை 13 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டார்கள். ஆனால் அந்த ஆல்பத்தில் என்னை ஆட்கொண்டவை இரண்டு பாட்டுகள். ‘ரீஇன்கார்னேட்டட்’ என்பதில், டூபாக்கின் பழைய இசையின் மேல், ‘நான்’ என்று முதலில் பேசுகிறவன் 1947ஆம் ஆண்டுக் கிதார்க் கலைஞன். அடுத்துப் பேசுகிறவள் கறுப்பினத்தார் அரங்குகளில் பாடிப் போதைக்கு இரையானவள். மூன்றாவதாகப் பேசுகிறவர் தாமே, தந்தையுடனும் கடவுளுடனும் வழக்காடிக்கொண்டு. ஜன்மங்கள் தாண்டி ஒரே குறை தொடர்ந்து வருகிறது. கடைசிப் பாட்டான ‘குளோரியா’ ஒரு பெண்ணோடு நீடித்த காதலைப் பேசுகிறது: சிறுவயதில் சந்தித்தது, ஊடியது, பொறாமைப்பட்டது, பிரிந்து திரும்பியது. யார் அந்தப் பெண் என்று கேட்டுக்கொண்டே போகிறவனுக்கு முடிவில்தான் தெரிகிறது, அவள் அவருடைய பேனா என்று.